சிவப்புப் பாசியில் பச்சையம் சும்மா இருந்ததா? 1950 ஹாக்ஸோ–பிளிங்க்ஸ் அளவீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

சிவப்புக் கடற்பாசி ஒரு துண்டு எடுத்து, கொஞ்சம் உப்பில்லாத தண்ணீர் விட்டு நன்றாக அரைத்து வடிகட்டினால், கண்ணாடிக் குவளையில் ரோஜா நிற நீர் இறங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது இளஞ்சிவப்பு. வெயிலில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் அதே நீர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். வடிகட்டியில் தங்கிய சக்கையைக் கழுவக் கழுவ சிவப்பு வெளியேறி, அதுவரை மறைந்திருந்த பச்சை தெரியத் தொடங்கும். முதல் தடவை இதைச் செய்தபோது ஒளிரும் நீரை விட அந்தச் சக்கையைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பாசிக்குள்ளும் பச்சையம் உண்டு என்று படித்திருந்தாலும், கண்ணால் பார்ப்பது வேறு.

அந்தப் பச்சையம் அங்கே என்ன வேலை செய்கிறது? இதை உயிருள்ள பாசியிடமே கேட்டவர்கள் பிரான்சிஸ் ஹாக்ஸோவும் லாரன்ஸ் பிளிங்க்ஸும். கலிஃபோர்னியாவின் பசிஃபிக் குரோவில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் செய்த அளவீடுகளை அவர்கள் 1950இல் வெளியிட்டார்கள். கிடைத்த விடை யாரும் எதிர்பார்க்காதது: சிவப்புப் பாசியில் பச்சையம் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. ஒளிச்சேர்க்கை என்றாலே பச்சையம்தான் என்று நம்பியிருந்த காலத்தில் வந்த விடை இது.

அந்த அளவீட்டைத்தான் இந்த ஆய்வு பின்தொடர்கிறது. அதில் பதிவான எண்கள் இன்றும் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவைத்தான் பத்தே ஆண்டுகளில் வேறு மாதிரி படிக்க வேண்டியதாயிற்று.

பின்னணி

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே எழுபது ஆண்டு வயது. 1880களின் தொடக்கத்தில் தியோடர் எங்கல்மான், நுண்ணோக்கியின் கீழ் இருந்த பாசி இழையின் மேல் ஒரு குட்டி வானவில்லை விழச் செய்து, ஆக்சிஜனைத் தேடிப் போகும் பாக்டீரியாக்களைச் சுற்றிலும் விட்டார். பச்சைப் பாசியில் அவை சிவப்பு ஒளியும் நீல ஒளியும் விழுந்த இடங்களில் குவிந்தன. வேறு நிறப் பாசிகளில் வேறு இடங்களில் குவிந்தன. பாசியின் நிறத்துக்கு எதிர் நிறமான ஒளிதான் அதற்கு அதிகம் பயன்படுகிறது என்றார் எங்கல்மான்.

இதிலிருந்து இன்னொரு கருத்தும் பிறந்தது. கடலுக்குள் இறங்க இறங்க முதலில் சிவப்பு ஒளி மங்கும், ஆழத்தில் நீலமும் பச்சையும்தான் மிஞ்சும். ஆகவே பச்சைப் பாசி மேலே, பழுப்பு நடுவில், சிவப்பு ஆழத்தில் என்று நிறத்தின்படி அடுக்கு அமைகிறது என்பது அந்தக் கருத்து. கேட்க அழகாக இருக்கும், ஆனால் கடல் அப்படி ஒழுங்காக அடுக்கி வைக்கப்படவில்லை. அலை அடிக்கும் பாறையின் உச்சியிலேயே வெயில் காயும் சிவப்புப் பாசிகள் ஏராளம். நூறு மீட்டருக்குக் கீழே வாழும் பச்சைப் பாசிகளும் உண்டு. ஒன்று மட்டும் சரிதான், மிக ஆழத்தில் தாக்குப்பிடிப்பது சிவப்புப் பாசி வகைதான். 1980களின் நடுவில் பஹாமாஸின் சான் சால்வடோர் தீவுக்கு அருகே நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கிய ஆய்வாளர்கள் 268 மீட்டர் ஆழத்தில் பாறையோடு ஒட்டி வளரும் சுண்ணாம்புச் சிவப்புப் பாசியைக் கண்டார்கள். மேற்பரப்பு வெளிச்சத்தில் ஏறத்தாழ 0.0005 சதவீதம்தான் அங்கே எட்டுகிறது.

பாக்டீரியாக்கள் எங்கே கூடின என்று பார்ப்பது வேறு, ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று எண்ணால் சொல்வது வேறு. ஹாக்ஸோவும் பிளிங்க்ஸும் செய்ய முனைந்தது இரண்டாவதை.

எப்படி அளந்தார்கள்

அளவீட்டின் உயிர் பிளாட்டின மின்முனை. பிளிங்க்ஸ் இதை 1938லேயே ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து உருவாக்கி வைத்திருந்தார். பிளாட்டினத்தின் மேற்பரப்பில் பாசியை நேரடியாகப் படியவைத்து, அசையாமல் பிடித்துக்கொள்வார்கள். மின்முனைக்குக் குறைந்த எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அதை வந்து தொடும் ஆக்சிஜன் எல்லாம் அங்கேயே வினைபுரிந்துவிடும். எவ்வளவு ஆக்சிஜன் வருகிறதோ அவ்வளவு மின்னோட்டம். கல்வனோமீட்டரைப் பார்த்தால் போதும்.

அந்த நாளில் ஒளிச்சேர்க்கையை அளக்க வழக்கமாகக் கையாண்ட வழி மூடிய குடுவையில் வாயு அழுத்தம் மாறுவதைப் பார்ப்பது. ஒரு அளவுக்கே பல நிமிடம் பிடிக்கும். பிளாட்டின மின்முனையோ சில நொடிகளில் பதில் சொல்லிவிடும். அதோடு, ஒரே ஒரு நிறத்தைப் பிரித்தெடுக்கும் கருவியிலிருந்து வரும் ஒளி மிகவும் மங்கலாக இருக்கும், சிறு பரப்பில்தான் விழும். அந்தச் சிறு பரப்பே மின்முனைக்குப் போதும். ஓரிரு செல் அடுக்கு மட்டுமே கொண்ட தாள் போன்ற பாசிகளைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். உள்ளே பிறக்கும் ஆக்சிஜன் பிளாட்டினத்தைத் தொட நீண்ட தூரம் கடக்க வேண்டாம்.

ஒவ்வொரு பாசிக்கும் இரண்டு வளைகோடுகள் வரைந்தார்கள். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை அது உறிஞ்சுகிறது என்பதைக் காட்டும் உறிஞ்சு நிறமாலை ஒன்று. அதே அலைநீளத்தில், ஒளித்துகள் எண்ணிக்கை சமமாக இருக்கும்போது, எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்பதைக் காட்டும் செயல் நிறமாலை மற்றொன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். உறிஞ்சிய ஒளி எல்லாம் ஒரே திறனோடு வேலைக்குப் போனால் கோடுகள் பொருந்த வேண்டும். எங்கே பிரிகின்றனவோ அங்கே ஏதோ ஒரு நிறமி ஒளியை வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருக்கிறது.

என்ன கிடைத்தது

முதலில் பச்சைப் பாசி. உல்வா இனத்தில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே போயின. மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் உறிஞ்சும் நீலப்பச்சைப் பகுதியில் மட்டும் செயல் கோடு கொஞ்சம் தாழ்ந்தது. பழுப்புப் பாசியான கோய்லோடெஸ்மியிலும் நல்ல பொருத்தம். பழுப்பு நிறம் தரும் ஃப்யூகோசாந்தின் உறிஞ்சும் ஒளி வீணாகாமல் ஒளிச்சேர்க்கைக்குப் போவது தெளிவாகத் தெரிந்தது.

இந்த இரண்டையும் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மூன்றாவது முடிவை நம்ப வைப்பவை இவைதான். கருவியிலோ கணக்கிலோ பிழை இருந்தால் அது உல்வாவிலும் தலைகாட்டியிருக்கும்.

அப்புறம் சிவப்புப் பாசிகள்: டெலெசெரியா, ஸ்கிசிமீனியா, போர்ஃபைராவில் சில இனங்கள். உறிஞ்சு நிறமாலையில் பச்சையத்தின் இரண்டு மேடுகளும் ஒழுங்காக இருந்தன, நீலத்தில் 435 நானோமீட்டர் பக்கம் ஒன்று, சிவப்பில் 675 பக்கம் ஒன்று. இடையே சிவப்பு நிறமியான ஃபைகோஎரித்ரினின் மேடுகள் ஏறத்தாழ 495க்கும் 570க்கும் இடையில். நீல நிறமியான ஃபைகோசயனின் 620க்கு அருகில்.

செயல் நிறமாலையோ வேறொரு பாசியை அளந்தது போல இருந்தது. ஃபைகோஎரித்ரின் பகுதியில் உயர்ந்து நின்றது. ஃபைகோசயனின் அதிகமுள்ள இனங்களில் அங்கேயும் உயர்ந்தது. பச்சையம் நன்றாக உறிஞ்சும் 435இலும் 675இலும் தாழ்ந்து கிடந்தது. ஒளி உள்ளே போகிறது, பச்சையம் அதை வாங்குகிறது, ஆக்சிஜன் மட்டும் வரவில்லை. ஒன்றில் அல்ல, அளந்த சிவப்புப் பாசிகள் எல்லாவற்றிலும் இதே கதை.

சாதாரணமாக இப்படி ஒரு கோடு வந்தால், பாசி வாடிவிட்டது, ஒளி சிதறிவிட்டது என்று ஏதாவது சொல்லி ஒதுக்கத் தோன்றும். இவர்கள் கோட்டை வந்தபடியே அச்சிட்டார்கள். எழுபது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

சுற்றிலும் கிடந்த தடயங்கள்

பச்சையம் வேலை செய்யவில்லை என்றால் ஃபைகோஎரித்ரின் தானாகவே ஒளிச்சேர்க்கை செய்கிறதா? அப்படி நினைக்க இடம் இருந்தது. லூயிஸ் டைசென்ஸ் நெதர்லாந்தில் செய்த ஒளிர்வு ஆய்வுகள் 1950களின் தொடக்கத்தில் அதை ஏறக்குறைய அடைத்துவிட்டன. சிவப்புப் பாசியின் மேல் பச்சை ஒளியைக் காட்டினால், அதை உறிஞ்சுவது ஃபைகோஎரித்ரின். ஆனால் ஒளிர்வது பச்சையம். ஆற்றல் நிறமிக்கு நிறமி கைமாறிப் பச்சையத்தை வந்து சேர்கிறது. விந்தை என்னவென்றால், பச்சையத்தை நேரடியாகத் தூண்டியபோது அதன் ஒளிர்வு இதைவிடக் குறைவு! பச்சையத்தில் ஒரு பகுதி வேலை செய்கிறது, இன்னொரு பகுதி செய்யவில்லை என்று டைசென்ஸ் முடிவு செய்தார். பாதி வழி வந்துவிட்டார் என்றுதான் இப்போது படிக்கும்போது தோன்றுகிறது.

இன்னொரு தடயம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் முன்பே பதிவாகியிருந்தது. 1943இல் ராபர்ட் எமர்சனும் சார்ல்டன் லூயிஸும் நன்னீர்ப் பச்சைப் பாசியான குளோரெல்லாவில், 680 நானோமீட்டரைத் தாண்டியதும் ஒளிச்சேர்க்கைத் திறன் திடீரென்று சரிவதைக் கண்டார்கள். பச்சையம் அங்கே இன்னும் ஒளியை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. இதற்குச் 'சிவப்புச் சரிவு' என்று பெயர் வந்தது. ஹாக்ஸோ–பிளிங்க்ஸ் கண்டதும் இதேதான், வேறுபாடு அளவில் மட்டும். குளோரெல்லாவில் நிறமாலையின் ஓரத்தில் ஒரு சிறு சரிவு. சிவப்புப் பாசியில் 650 பக்கமே தொடங்கிவிடும் பெருஞ்சரிவு.

மூன்றாவது தடயம் பிளிங்க்ஸின் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது. சிவப்புப் பாசியைப் பல நாட்கள் நீல ஒளியிலோ சிவப்பு ஒளியிலோ வளர்த்துவிட்டு அளந்தால் பச்சையத்தின் பங்கு கூடியிருந்தது. அப்படியானால் பச்சையத்தால் முடியாமல் இல்லை. முன்பு ஏதோ ஒன்று குறைவாக இருந்திருக்கிறது.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது. போர்ஃபைராவின் மேல் ஒரு பச்சை ஒளியையும் ஒரு சிவப்பு ஒளியையும் மாறி மாறிக் காட்டிப் பார்த்தார் பிளிங்க்ஸ். இரண்டும் தனித்தனியே ஒரே வேகத்தில் ஆக்சிஜன் தரும்படி முதலிலேயே அவற்றின் அளவைச் சரிசெய்துவிட்டார். வேகம் சமம் என்றால் நிறத்தை மாற்றும்போது ஆக்சிஜன் வரும் வேகத்தைக் காட்டும் கோடு அசையாமல் போக வேண்டும். போகவில்லை. மாற்றிய கணத்தில் கோடு துள்ளியது, பிறகு மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. எதிர்த் திசையில் மாற்றினால் துள்ளலின் வடிவம் வேறு. நிமிடக்கணக்கில் அளக்கும் குடுவையில் இது கண்ணிலேயே பட்டிருக்காது. நொடிகளில் பேசும் மின்முனைதான் காட்டிக்கொடுத்தது. 1957இல் இதை வெளியிட்ட பிளிங்க்ஸ், சுவாசத்தில் ஏற்படும் மாற்றமாக இருக்கலாம் என்றே கருதினார். விடை கையில் இருந்தும் பெயர் வேறாக இருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது

அதே 1957இல் எமர்சன் தன் பழைய சரிவை மறுபடி எடுத்தார். 680க்கு அப்பால் உள்ள சிவப்பு ஒளியோடு குறைந்த அலைநீள ஒளி ஒன்றையும் சேர்த்துக் காட்டினார். இரண்டையும் தனித்தனியே காட்டி வரும் ஆக்சிஜனைக் கூட்டினால் வருவதைவிட, சேர்த்துக் காட்டினால் வருவது அதிகமாக இருந்தது. வீணாகிறது என்று நினைத்த ஒளி, துணைக்கு இன்னொன்று வந்ததும் வேலை செய்தது. எமர்சன் 1959 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். தான் தொட்டது எவ்வளவு பெரியது என்று முழுதாகப் பார்க்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

1960இல் ராபின் ஹில்லும் ஃபே பெண்டாலும் ஒரு திட்டம் முன்வைத்தார்கள். ஒளிச்சேர்க்கையில் ஒளி வேலை செய்வது ஒரு முறை இல்லை, அடுத்தடுத்து இரண்டு முறை. ஆழக் கிணற்று நீரை நடுவில் ஒரு தொட்டி வைத்து இரண்டு கட்டமாக மேலே ஏற்றுவது போல, எலக்ட்ரானை இரண்டு கட்டமாக ஏற்ற வேண்டும். கீழ்க் கட்டம் தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது. மேல் கட்டம் அந்த எலக்ட்ரானை வாங்கி, சர்க்கரை செய்வதற்கான நிலைக்கு உயர்த்துகிறது. மேல் இயந்திரத்தை மட்டும் ஓட்டினால் தொட்டி காலியாகி எல்லாம் நின்றுவிடும்.

இதை நேருக்கு நேராகக் காட்டியது 1961இல் டைசென்ஸும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும். அவர்கள் எடுத்துக்கொண்டது மறுபடி ஒரு சிவப்புப் பாசி, போர்ஃபிரிடியம் என்ற ஒற்றைச் செல் உயிர். அதில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நிற்கும் சைட்டோகுரோம் என்ற புரதத்தைக் கவனித்தார்கள். 680 நானோமீட்டர் சிவப்பு ஒளி காட்டினால் அது எலக்ட்ரானை இழந்தது. கூடவே பச்சை ஒளியையும் காட்டினால் இழந்ததைத் திரும்பப் பெற்றது. ஒரு ஒளி தொட்டியைக் காலி செய்கிறது, இன்னொரு ஒளி நிரப்புகிறது. முதலாம் ஒளி அமைப்பு (மேல் கட்டம்), இரண்டாம் ஒளி அமைப்பு (கீழ்க் கட்டம்) என்று இன்று பள்ளிப் பாடத்தில் வரும் பெயர்களின் மூலம் இந்த ஆய்வுதான். வரிசையில் இரண்டாம் அமைப்பு முதலில் வருவதைப் பார்த்துப் பல மாணவர்கள் குழம்புவார்கள். எண்கள் கண்டறியும்போது வைத்தவை, வேலை நடக்கும் வரிசையைக் காட்டுபவை அல்ல.

1950ஆம் ஆண்டுக் கோட்டை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கலாம். சிவப்புப் பாசியில் பச்சையத்தின் பெரும்பகுதி முதலாம் அமைப்போடு இருக்கிறது. ஃபைகோஎரித்ரினும் ஃபைகோசயனினும் பிடிக்கும் ஆற்றல் பெரும்பாலும் இரண்டாம் அமைப்புக்குப் போகிறது. 435ஐயோ 675ஐயோ தனியாகக் காட்டினால் மேல் இயந்திரம்தான் ஓடுகிறது. ஏற்ற எலக்ட்ரான் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. பச்சை ஒளி மட்டும் தனியாகவே எப்படிச் சமாளித்தது? ஃபைகோஎரித்ரின் பிடித்த ஆற்றலில் ஒரு பங்கு முதலாம் அமைப்புக்கும் போய்ச் சேர்கிறது, ஆகவே இரண்டு இயந்திரமும் ஓடும். குளோரெல்லா போன்ற பச்சைப் பாசிகளில் இரண்டு அமைப்புகளுக்கும் பச்சையங்களே ஒளி பிடிப்பதால், பெரும்பாலான நிறங்கள் இரண்டையும் ஒருசேரத் தூண்டிவிடும். குறை ஓரத்தில் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். பிளிங்க்ஸின் துள்ளலும் இப்படியே விளங்கும்: நிறம் மாறும் கணத்தில் நடுத் தொட்டி நிறைந்தோ குறைந்தோ இருக்கிறது, புதிய சமநிலைக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகிறது.

சிவப்பு நிறமிகள் எங்கே இருக்கின்றன என்பதும் சில ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரிந்தது. 1960களின் நடுவில் எலிசபெத் கான்ட் போர்ஃபிரிடியத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சவ்வுகளின் மேல் ஏறத்தாழ 35 நானோமீட்டர் அளவுள்ள மணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஃபைகோபிலிசோம் என்று அவற்றுக்குப் பெயர். வெளியே ஃபைகோஎரித்ரின், அதற்கு உள்ளே ஃபைகோசயனின், அடியில் அல்லோஃபைகோசயனின் என்ற இன்னொரு நீல நிறமி, அதற்கும் கீழே பச்சையம். ஒளி ஆற்றல் சரிவில் உருள்வது போல மேலிருந்து கீழே இறங்குகிறது. முழுப் பயணத்துக்கும் ஆகும் நேரம் ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. நான் பாசியை அரைத்தபோது நீரில் கரைந்து ஆரஞ்சாக ஒளிர்ந்தது இந்த மணிகளிலிருந்து பிரிந்த ஃபைகோஎரித்ரின்தான். பிடித்த ஆற்றலைக் கொடுக்கக் கீழே யாரும் இல்லாததால் அதை ஒளியாகவே திருப்பி விடுகிறது. உயிருள்ள பாசியில் அந்த ஆரஞ்சு ஒளிர்வு கண்ணில் படுவதில்லை.

ஹாக்ஸோ பின்னர் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்குப் போய், கடலில் மிதக்கும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்பாசிகளின் பெரிடினின் நிறமியை ஆராய்ந்தார். அதைத் தாங்கும் புரதத்தைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் 1976இல் எழுதினார்கள். ஒரு பச்சைய மூலக்கூறுக்குச் சுமார் நான்கு பெரிடினின் என்ற விகிதத்தில் அடைத்து வைத்த, நீரில் கரையும் புரதம் அது. உறிஞ்சிய ஒளி எந்த நிறமி வழியாக எங்கே போகிறது என்ற அதே கேள்வியை வேறொரு பாசியிடம் கொண்டுபோயிருக்கிறார்.

1950ஆம் ஆண்டுச் சோதனையில் என்னதான் குறை? ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே, மற்ற ஒளி எதுவும் சேராமல் காட்டியதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுவும் கூட அந்த முறையின் தேவைதான். ஆனால் கடலில் எந்தப் பாசிக்கும் அப்படி ஒற்றை நிறம் கிடைப்பதில்லை. பாறை மேல் இருக்கும் போர்ஃபைராவுக்கு முழு வெயில், ஆழத்தில் இருப்பதற்கும் நீலமும் பச்சையும் சேர்ந்தே கிடைக்கும்.

1960களில் இந்தக் குறையைச் சரிசெய்து பார்த்தார்கள். பாசியின் மேல் பச்சை ஒளி ஒன்றைப் பின்னணியாக விடாமல் விழச் செய்து, இரண்டாம் அமைப்பு எப்போதும் ஓடும்படி வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒவ்வொரு அலைநீளத்தையும் கூட்டிக் காட்டினார்கள். கூடுதலாக வந்த ஆக்சிஜனை மட்டும் கணக்கில் எடுத்து வளைகோட்டை மறுபடி வரைந்தார்கள். 435இலும் 675இலும் பள்ளமாகக் கிடந்த இடங்களில் இந்தத் தடவை பச்சையத்தின் மேடுகள் எழுந்து நின்றன.